கிணற்றில் தொங்கிய குப்பி

சனிக்கிழமை சாயங்காலம் சைக்கிள் மணி கேட்டால், அடுப்பில் வெந்நீர் வைத்தேனா என்பதுதான் எனக்கு முதலில் ஞாபகம் வரும். என் கணவர் பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார். வாரத்தில் ஐந்து நாள் பிள்ளைகளை வெயிலில் ஓடவைத்து, தாமும் கூடவே ஓடுவார். ஆறாம் நாள் ஓய்வாக இருப்பார் என்று பார்த்தால், திற்பரப்புக்கு மேலே இருக்கிற ரப்பர் தோட்டத்துக்குச் சைக்கிளில் போய்ப் பந்து விளையாடுவார். தோட்டத்து ஆட்கள் ஒரு டீம், பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் ஒரு டீம். இரணியலுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு அவர் திரும்பி வரும்போது, சைக்கிளைச் சுவரில் சாய்க்கும் வரைக்கும்கூடக் கால் நிற்காது. வலது கால் முட்டு வீங்கித் தோல் பளபளவென்று இருக்கும். நான் வெந்நீரில் துணியைப் பிழிந்து ஒற்றடம் போடுவேன். இடுப்பில் சின்னவன் இருப்பான். பெரியவள் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்பாள். அவளுக்கு அப்போது மூன்று வயது, அவனுக்கு ஏழு மாதம்.

இது நடந்து நாலு வருடம்தான் ஆகிறது. ஆனாலும் அந்த நாட்களை நினைக்கும்போது எனக்கு வருவது அலுப்பு மட்டுமே. அதனால் சிலவற்றை நான் தப்பாக ஞாபகம் வைத்திருக்கலாம். தெரிந்தவரை உள்ளபடி எழுதுகிறேன்.

அவருக்கு அந்த வேலை ஒரு வருடத்துக்குத் தற்காலிகமாகக் கிடைத்திருந்தது. வருட முடிவில் நிரந்தரம் ஆகவேண்டுமானால் இரண்டு காரியம் வேண்டும். டிரில் வாத்தியாருக்கு உடம்பு நன்றாக இருக்கவேண்டும். சபையின் போதகரான ஐயர் நன்னடத்தைக் கடிதம் தரவேண்டும். மிஷன் பள்ளிக்கூடம் ஆனபடியால் இரண்டாவது காரியம்தான் முதல் காரியம். வேலை இல்லையென்றால் பள்ளிக்கூடம் தந்திருந்த இரண்டு அறை வீடும் இல்லை. இதை நான் தினமும் தண்ணீர் இறைக்கும்போது ஒருமுறையாவது நினைப்பேன்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சைக்கிளின் பின்னால் கட்டியிருந்த அழுக்குச் சட்டைக்குள்ளிருந்து இரண்டு குப்பிகளை எடுத்து அடுக்களையில் வைத்தார். பச்சைக் கண்ணாடிக் குப்பி, தகர மூடி, மேலே வெள்ளைக்காரர் எழுத்து.

“இது என்னது?”

“பீரு. தோட்டத்துத் தொர தந்தது. வெளையாடி முடிச்சா அவங்க எல்லாரும் இதத்தான் குடிக்காங்க. வேர்வையில போன சத்து எல்லாம் திரும்ப வந்துருமாம். மறுநாளு காலு வலிக்காதாம்.”

“நீங்க குடிச்சீங்களா?”

“அங்கின ஒரு கிளாஸு. ஒண்ணும் செய்யல்ல பிள்ளே. பன்னெண்டு மைலு சைக்கிள் சவுட்டி நேரே வந்து நிக்கேன், பாத்தியா?”

“நாம எழுதிக் குடுத்த சத்தியம்?”

“சாராயமும் கள்ளும்ணுதானே எழுதியிருக்கு. பீருண்ணு எழுதல்லியே.”

எங்கள் சபையில் முழு அங்கத்தினர் ஆகும்போது எல்லாரும் மதுவைத் தொடமாட்டோம் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போடவேண்டும். அவர் பதினாறு வயதில் போட்டார். நான் போர்டிங் பள்ளியில் படிக்கும்போது போட்டேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் மற்றப் பிள்ளைகளுக்கும் அந்தத் தாளை நான்தான் எழுதிக் கொடுத்தேன். முப்பது தாளுக்குமேல் எழுதியிருப்பேன். மூன்றாவது வரியில் “லாகிரி தரும் வேறெந்தப் பானமும்” என்று இருந்தது. அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். அவர் முட்டின் வீக்கத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

“மருந்துண்ணு வச்சுக்கோ,” என்றார். கதவுத் தாழ்ப்பாளில் மூடியை வைத்து நெம்பித் திறந்தார். நுரை பொங்கித் தரையில் வழிந்தது. நான் உடனே துணி எடுத்துத் துடைத்தேன். பிறகு அந்தத் துணியை இரண்டு தண்ணீரில் அலசினேன்.

அவரைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் குடிகாரர் இல்லை. ஒரு டம்ளர் குடிப்பார். காலை நீட்டிக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நேரத்தில் முனகல் குறையும். பெரியவளை மடியில் வைத்துக் கோல்கீப்பர் எப்படி விழுந்தார் என்று நடித்துக் காட்டுவார். காலையில் நொண்டாமல் எழுந்து கோயிலுக்குப் போவார். அது பீரினால்தான் என்பார் அவர். என் ஒற்றடத்தினால் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். எது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அதன்பிறகு வாரம் இரண்டு குப்பி வந்தது. ஒன்று சனிக்கிழமைக்கு. மற்றது புதன்கிழமைக்கு, அன்றைக்குத்தான் பெரிய பிள்ளைகளை நெடுந்தூரம் ஓடவைக்கும் நாள். குளிர்ந்திருந்தால்தான் பலன் என்று துரை சொன்னாராம். துரைக்குத் தோட்டத்தில் ஓடை இருந்தது. எங்களுக்கு என்ன இருந்தது? முதலில் ஈர மணலில் புதைத்துப் பார்த்தார். போதவில்லை. பிறகு குப்பியின் கழுத்தில் பனைநார்க் கயிற்றைக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, மறுமுனையைக் கப்பிக் கல்லில் முடிந்துவிட்டார்.

அந்தக் கிணறு எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொது. பக்கத்து வீட்டு அக்கா எங்கள் சபைதான். அவளுடைய கணவருக்குப் பனையேற்றுத் தொழில். காலையில் நாற்பது பனை, மாலையில் அதே நாற்பது பனை. அவள் அக்கானி என்கிற பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவாள். வாய் சும்மா இருக்காது. தெருவுக்கு ஒரு செய்தி போகவேண்டுமானால் அவளிடம் சொன்னால் போதும் என்பார்கள். அதனால் குப்பியை இறக்குவதும் அவள் வருவதற்குமுன் ஏற்றுவதும் என் பொறுப்பு ஆயிற்று. என்னிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானே எடுத்துக்கொண்டேன். பொறுப்புகள் என்னிடம் அப்படித்தான் வந்து சேரும்.

அந்தப் புதன்கிழமை சின்னவனுக்குப் பல் முளைக்கும் காய்ச்சல். முந்தின இரண்டு நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை. குப்பியைப்பற்றிய நினைவே இல்லாமல் போய்விட்டது. உச்சிநேரத்தில் அக்காவின் குரல் கேட்டது.

“ஏட்டி! இஞ்ச வா. கெணத்துல ஒனக்க பிள்ள என்னத்தப் பிடிச்சுப் போட்டிருக்கா?”

போனேன். குப்பியை அவள் கையில் தூக்கி வைத்திருந்தாள். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மேல்தாள் ஊறி உரிந்துவிட்டது.

“அவ போடல்லக்கா.”

“பின்னே மீனா கொண்டு கட்டிச்சு? முடிச்சுப் போட்டிருக்கே.” மூடியை மூக்கில் வைத்துப் பார்த்தாள். “மணமும் இல்ல. மருந்தா?”

போர்டிங்கில் இருந்தபோது, பிள்ளை பெற்ற ஒரு வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாள் மத்தியானந்தோறும் கறுத்த குப்பியிலிருந்து அரை டம்ளர் ஊற்றிக் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். பால் ஊறுவதற்கு டாக்டர் கொடுத்தது என்று ஆயா சொன்னாள். அந்தக் குப்பி அந்த நேரத்தில் எங்கிருந்தோ என் கண்ணுக்குமுன் வந்து நின்றது.

“ஆமாக்கா. மருந்து. பாலு ஊறதுக்கு.”

அவள் என்னைப் பார்த்தாள். என் தோளில் கிடந்த சின்னவனைப் பார்த்தாள். “கொள்ளாம், நல்லதுதான்,” என்றாள். “பிள்ள மெலிஞ்சுதான் கெடக்கு.” குப்பியைத் திரும்பக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டுத் தன் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

பிள்ளை மெலிந்திருக்கிறான் என்பதுதான் எனக்கு அப்போது இருந்த பெரிய பயம். அதையே எடுத்து ஒரு பொய்க்கு உடுப்பாகப் போட்டுவிட்டேன். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தேன். பொய் சொன்னதற்குப் பயந்தேனா, அது அவ்வளவு எளிதாக வந்ததற்குப் பயந்தேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அடுத்து நான் செய்தது இதுவரை என் கணவரைத் தவிர யாருக்கும் முழுதாகத் தெரியாது.

‘பால் ஊறுவதற்காக நான் குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நான் குடித்தால் அது பொய் ஆகாது.’ இப்படி யோசித்தேன். படித்த பெண், சண்டே ஸ்கூலில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள், இப்படித்தான் யோசித்தேன். ஒரு பொய்யை உண்மையாக்கிவிட்டால் ஒரு பாவம் குறையும் என்று கணக்குப் போட்டேன். சத்தியத்தை மீறுகிற பாவம் கூடும் என்பது தோன்றவே இல்லை. அல்லது தோன்றி, நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கிணற்றிலிருந்து குப்பியை ஏற்றித் தாழ்ப்பாளில் நெம்பித் திறந்தேன். ஒரு டம்ளர் ஊற்றி நின்றுகொண்டே குடித்தேன். நிலவேம்புக் கஷாயம்போல் கசந்தது. மூக்கில் ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் குளிர்ச்சி தொண்டையிலிருந்து இறங்கி வயிறுவரை போவது தெரிந்தது. அன்றைக்குக் காலையில் மட்டும் பதினெட்டுக் குடம் இறைத்திருந்தேன். இரண்டு படி நெல் குத்தியிருந்தேன். காய்ச்சல்காரப் பிள்ளை இடுப்பைவிட்டு இறங்கவே இல்லை. முதுகில் பிள்ளைப்பேற்றிலிருந்து கிடக்கிற அந்த வலி, கொஞ்ச நேரம், யாரோ கையை எடுத்ததுபோல் விலகியது. அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது. கசப்பு மட்டும் இருந்திருந்தால் மருந்து என்று விட்டிருப்பேன்.

பிறகு சின்னவனுக்குப் பால் கொடுத்தேன். குடித்தவன் தூங்கினான். இரண்டு நாளாகக் கால் மணிநேரத்துக்குமேல் தூங்காத பிள்ளை, ஒரு மணிநேரம் தூங்கினான். இரண்டு மணிநேரம் தூங்கினான். பாலில் பீர் இறங்கிவிட்டது என்று எனக்குத் தீர்மானமாகத் தெரிந்தது. உள்ளங்காலைச் சுரண்டினேன். காலை இழுத்துக்கொண்டு மறுபடியும் தூங்கினான். கணவர் முகம் மழிக்கிற கண்ணாடியை எடுத்துவந்து அவன் மூக்குக்குக் கீழே பிடித்தேன். ஆவி படிந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் பிடித்தேன். மறுபடியும் படிந்தது. பெரியவள் அதை விளையாட்டு என்று நினைத்து, “எனக்கும் பிடி, எனக்கும் பிடி,” என்றாள். அவளுக்கும் பிடித்தேன். ஆடுகள் திரும்பிவருகிற நேரத்தில் சின்னவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். காய்ச்சல் விட்டிருந்தது. கீழ் ஈறில் வெள்ளையாக ஒரு பல்.

காய்ச்சல் விட்டதால்தான் தூங்கினான் என்று இப்போது சொல்லலாம். அன்றைக்கு அது எனக்கு வேண்டிய சமாதானமாக இல்லை. அழுதுகொண்டே விளக்குத் துடைத்தேன்.

கணவர் வந்து பாதிக் குப்பியைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தார். “நீ குடிச்சியா? நீயா?” என்றார். பிறகு முகம் மாறியது.

“அவ தெருவெல்லாம் சொல்லுவாளே. ஐயருக்குத் தெரிஞ்சா?”

“பாலுக்குண்ணுதான் சொல்லியிருக்கேன்.”

“அப்பம் ஒனக்குள்ளதுண்ணு ஆச்சு.” பாதிக் குப்பியை எடுத்து மூலையில் தள்ளிவைத்தார். “அது ஒருவகைக்கு நல்லதாப் போச்சு,” என்றார். சொன்ன உடனே என் முகத்தைப் பார்க்காமல் திரும்பி, காலுறையைக் கழற்றத் தொடங்கினார்.

நான் வெந்நீர் வைத்தேன். ஒற்றடம் போடும்போது துணியைச் சரியாகப் பிழியாமல் போட்டேன் என்று நினைக்கிறேன். “சூடு, சூடு,” என்று காலை இழுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பெண்கள் கூட்டத்தில் ஜெபம் முடிந்து எழுந்தபோது, ஒரு பெண் என் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டாள்: “அது குடிச்சா எத்தன நாளுல பாலு வரும்? எனக்க மருமொவளுக்குப் போதாம வருகு.” இன்னொருத்தி, “கசக்குமா?” என்றாள். கசக்கும் என்றேன். அதை மட்டும் உண்மையாகச் சொன்னேன். என் உடம்பைப்பற்றி, என் பாலைப்பற்றி, என் பிள்ளையின் கன்னத்தைப்பற்றி எல்லாரும் பேசினார்கள். டிரில் வாத்தியாரின் கால் முட்டைப்பற்றி யாரும் பேசவில்லை.

மறுநாள் ஐயரம்மா, அதாவது எங்கள் போதகரின் மனைவி, வீட்டுக்கே வந்தார். நல்ல அம்மா. சின்னவனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பேசினார்.

“மருந்துக்குக் குடிக்கத நாங்க தப்புண்ணு சொல்லல்ல மக்கா. ஆனா அடுத்த ஞாயிறு திருவிருந்து. அதுக்கடுத்த வாரம் ஐயரு ஒனக்க சாருக்குள்ள நன்னடத்தக் கடிதம் எழுதணும். டீக்கன்மாருல யாராவது ‘வீட்டுல குப்பி கெடக்கே’ண்ணு கேட்டா, பதிலு வேணும்லா? டாக்டருக்க சீட்டு உண்டா?”

“இல்லம்மா.”

“ஒரு சீட்டு வாங்கித் தந்துரு. பின்னே ஒருத்தரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க.”

திங்கட்கிழமை பெரியவளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, சின்னவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். வழியெல்லாம் என்ன சொல்லவேண்டும் என்று எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அங்கே இருந்த லேடி டாக்டர் வடக்கே திருவனந்தபுரம் பக்கத்துக்காரி. அவர் பேசுகிற தமிழில் மலையாளமே அதிகம். பிள்ளையை எடைபோட்டார். என்னைப் பரிசோதித்தார். என் கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

“பாலு உண்டல்லோ. குறைவு ஆரு பறஞ்சது?”

“பிள்ள மெலிஞ்சிருக்கான்…”

“சில பிள்ளை மெலிஞ்ச வாகு. இவனுக்கு ஒண்ணும் இல்லா. உனக்காணு ரத்தம் இல்லாத்தது.”

நான் தலையைக் குனிந்துகொண்டு, பால் ஊற பீர் குடிக்கலாம் என்று ஒரு சீட்டு வேண்டும் என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டுவிட்டது.

“பாலு உள்ளவளுக்கு எதுக்கு? பின்னே ஆருக்கு வேணும்?”

அவர் கோபப்பட்டிருந்தால் நான் இன்னொரு பொய்யைத் தேடியிருப்பேன். அவர் பேனாவை மூடாமல் காத்துக்கொண்டிருந்தார். “பந்து வெளையாடுறவங்களுக்கு,” என்றேன்.

சிரித்துவிட்டார். “ஆட்டம் கழிஞ்சால் கஞ்சி வெள்ளத்தில் உப்பு இட்டுக் கொடு. ஒரு செம்பு நிறைய. பின்னே ஒறங்கட்டும். முட்டு வீங்கினால் ஒரு மாசம் ஓடண்டா. பீர் குடிச்சால் வேதனை மறக்கும், வீக்கம் போகாது.” பிறகு எனக்கென்று ஒரு சீட்டு எழுதினார். முருங்கைக்கீரை, முட்டை, ஒரு டானிக். கடைசி வரியில் ‘ஓய்வு’ என்று இருந்தது. அந்தச் சீட்டை நாலாக மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்தேன். ஓய்வு எங்கே வாங்குவது என்று அதில் எழுதியிருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவர் தோட்டத்திலிருந்து வந்ததும், உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரை ஒரு செம்பில் கொண்டுபோய் வைத்தேன்.

“கஞ்சியா?” என்றார். ஒரு வாய் குடித்துவிட்டுத் தள்ளிவைத்தார். “சீட்டு?”

“தரல்ல. எனக்குப் பாலு இருக்காம்.”

“செரியாக் கேட்டியா?”

“கேட்டேன்.”

அன்றைக்கு அவர் குப்பி கொண்டுவரவில்லை. பயந்துவிட்டார். அவருடைய கால் முட்டைப் பார்த்தேன். இவ்வளவு வீக்கம் அதற்குமுன் இருந்ததில்லை. இந்தக் காலை வைத்துக்கொண்டுதான் அவர் நான்கு பேருடைய சோற்றுக்காக ஓடுகிறார் என்று நினைத்தபோது, நான் கிணற்றடியில் சொன்ன பொய் அவ்வளவு பெரிதா என்றும் தோன்றியது.

“ஐயரம்மாகிட்ட சீட்டு இல்லண்ணு சொல்லப்போறேன்,” என்றேன்.

“சொல்லு. ஆனா ஒரு வாரம் கழிச்சுச் சொல்லு பிள்ளே. கடிதம் எழுதி முடிக்கட்டு. ஒரே ஒரு வாரம்.”

“நாளைக்குத் திருவிருந்து. பொய்ய வச்சுக்கிட்டு அப்பம் எடுக்கப்பிடாதுல்லா?”

அவர் செம்பை எடுத்து மிச்சக் கஞ்சித்தண்ணீரையும் குடித்தார்.

எங்கள் கோயிலில் பெண்கள் ஒரு பக்கம் பாயில் இருப்போம், ஆண்கள் மறுபக்கம் பெஞ்சில். நாங்கள் எழுந்து போகவேண்டியதில்லை. சபைப் பொறுப்பாளரான டீக்கனார் அப்பத் தட்டை வரிசை வரிசையாகக் கொண்டுவருவார். முதலில் பெண்கள் பக்கம் வருவது வழக்கம். கிண்ணத்தில் வருவதுகூட ஒயின் இல்லை. உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சாறு. போதை ஒரு துளிகூட வரக்கூடாது என்று ஐயரம்மா தம் கையாலேயே சனிக்கிழமை பிழிவார். அந்தச் சாற்றின் மணம் எனக்குச் சின்ன வயதிலிருந்து பிடிக்கும்.

கைக்குழந்தைக்காரிகள் வாசல்பக்கம் இருப்போம். தட்டு ஒவ்வொருத்தியாகத் தாண்டி என்னிடம் வந்தது. அதுவரை நான் எடுக்கமாட்டேன் என்று முடிவு செய்யவில்லை. எடுப்பேன் என்றும் முடிவு செய்யவில்லை. சின்னவனைப் பிடித்திருந்த வலது கை வரவில்லை. அவ்வளவுதான். டீக்கனார் குனிந்து காத்திருந்தார்.

“எடும்மா,” என்றார் மெல்ல.

நான் தலையை ஆட்டினேன். அவருக்குப் புரியவில்லை. தட்டை இன்னும் பக்கத்தில் நீட்டினார். மறுபடியும் தலையை ஆட்டினேன். முன்வரிசைப் பெண்கள் ஒவ்வொருத்தியாகத் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. திருவிருந்தில் தட்டைத் தாண்டவிடுகிறவள் என்ன செய்திருப்பாள் என்று எல்லாரும் நினைப்பார்கள். பால் மருந்தைவிடப் பெரியதாகத்தான் நினைப்பார்கள். அவரும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை நான் பார்க்காமலே அறிந்தேன்.

தட்டு ஆண்கள் பக்கம் போனது. அவர் ஐந்தாவது பெஞ்சில் இருந்தார். தட்டை வாங்கினார். கையில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் சின்னவனின் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டேன். அவர் எடுத்துவிடவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வீடு, வேலை, கடிதம் எல்லாம் அந்தத் தட்டில் இருந்தன. எடுக்கக்கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன். இரண்டில் எது ஜெபமாகப் போய்ச் சேர்ந்தது என்று தெரியவில்லை. அவர் எடுக்காமல் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார்.

பக்கத்தில் இருந்தவர் காது மந்தமான பெரியவர். மறதி என்று நினைத்துத் தட்டைத் திருப்பி நீட்டி, “சாரே, நீங்க எடுக்கல்லியே,” என்றார். கோயில் முழுவதும் கேட்டது.

“இல்ல. நீங்க எடுங்க,” என்றார் என் கணவர். டிரில் வாத்தியார் குரல். அதுவும் கோயில் முழுவதும் கேட்டது.

ஆராதனை முடிந்ததும் அவர் ஐயரிடம் போனார். நான் பூவரச மரத்தடியில் இரண்டு பிள்ளைகளோடு நின்றேன். பெண்கள் என்னைக் கடந்து போனார்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டார்கள். ஒருத்தரும் நிற்கவில்லை. வெகுநேரம் கழித்து அவர் நொண்டிக்கொண்டு வந்தார்.

“சொல்லிட்டேன்,” என்றார்.

“என்னண்ணு?”

“எனக்க குப்பிண்ணு. நீ அத எனக்காக மறச்சேண்ணு.”

“நான் ஒரு டம்ளர் குடிச்சத?”

“அது அவங்க கேக்கல்ல.”

“நீங்க சொல்லியிருக்கணும்.”

“ஒனக்குக் குடிக்காதவண்ணுள்ள பேராவது மிச்சம் இருக்கட்டு பிள்ளே,” என்றார். பெரியவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். முட்டு வலிக்குமே என்று சொல்ல வந்து, சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

மூன்று மாதம் நாங்கள் இரண்டு பேரும் திருவிருந்துக்கு விலக்கப்பட்டோம். ஐயர் கடிதம் எழுதினார். ஆனால் நிரந்தரத்துக்கு இல்லை. இன்னும் ஒரு வருடம் தற்காலிகமாக வைத்துப் பார்க்கலாம் என்று எழுதினார். வீடு போகவில்லை. நான் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வருடமும் நான் பயந்துகொண்டே இருந்தேன். அதற்கு யாரிடம் கணக்குக் கேட்பது?

அந்தத் திருவிருந்துக்கு மறுநாள், திங்கட்கிழமை, கிணற்றடியில் அக்கா காத்திருந்தாள்.

“ஏட்டி, ஒனக்கு வெவரம் உண்டா? பாலுக்குக் குடிக்கவ சனியாச்சயும் பொதனாச்சயும் மட்டும் பாத்தா குடிப்பா? கயிறு கெடக்குத மொத வாரமே எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா ஏங்க்கா எல்லாருட்டயும் சொன்னீங்க?”

“பாலுக்குண்ணு நாலு பேருட்ட நான் முந்திச் சொல்லல்லேண்ணா, அந்த நாலு பேரும் வேற மாதிரி சொல்லியிருப்பாங்க. நான் கெட்டி வச்சத நீயும் ஒனக்க மாப்பிளையும் போயி கோயிலுக்க நடுவுல ஒடச்சுப் போட்டிய.” வாளியை ஓங்கி இறக்கினாள். “எனக்க ஆளு நாப்பது பனை ரெண்டு நேரம் ஏறி எறங்குகாரு. வந்தா ஒரு செம்பு கஞ்சித்தண்ணி, ரெண்டு கல்லு உப்பு. பந்து ஒதைக்கவருக்கு மட்டும் சீமையில இருந்து வரணுமோ?”

எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை நாளுக்குப்பின் என்று நினைத்துக்கொண்டேன். ஊர் வாயை நான் பழித்ததும் தப்புத்தானா என்ற யோசனை அதோடு சேர்ந்து வந்தது.

அவர் பிறகு தோட்டத்துக்குப் போகவில்லை. மறுவருடம் நிரந்தர உத்தரவு வந்தது. அதற்குள் முட்டு ஓடவிடாமல் ஆகிவிட்டது. இப்போது மைதானத்தின் ஓரத்தில் நின்று விசில் ஊதுகிறார். ஆனாலும் புதனும் சனியும் கஞ்சித்தண்ணீரில் உப்புப் போட்டு, மிச்சம் இருந்த ஒரு பச்சைக் குப்பியில் ஊற்றி, கிணற்றில் இறக்கிவைக்கச் சொல்வார். குளிர்ந்திருக்கவேண்டுமாம். எப்படி இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். “கஞ்சி வெள்ளம்போல இருக்கு,” என்றார்.

போன கோடையில் ஒருநாள், நெல் குத்தி முடித்துக் கிணற்றடிக்குப் போனவள், குப்பியை ஏற்றிப் பாதியைக் குடித்துவிட்டேன். நின்றுகொண்டேதான். மறுபடி நிரப்பி வைக்க நினைத்திருந்தேன், சின்னவன் கூப்பிட்டதில் மறந்துபோனது. அவர் சாயங்காலம் பாதிக் குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னைக் கேட்கவில்லை.

அடுத்த புதன்கிழமை கப்பிக் கல்லில் இரண்டு கயிறு முடிந்திருந்தது. என் கஞ்சித்தண்ணீருக்கான இரண்டாவது குப்பி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. கயிற்றைக் கட்டியது அவர். இறக்குவதும் இழுப்பதும் நான்தான்.